கைக்குட்டை போட்ட இருக்கை

பரவாயில்லை, எழுந்திருக்க வேண்டாம். நீங்களே ஜன்னலோரம் உட்காருங்கள். ஆமாம், அந்தக் கைக்குட்டை என்னுடையதுதான். வண்டி நிலையத்துக்குள் திரும்பும்போதே கூடவே ஓடிவந்து ஜன்னல் வழியாகப் போட்டேன். நான் சுற்றி வந்து படியேறுவதற்குள் நீங்கள் அதை எடுத்துக் கம்பியில் தொங்கவிட்டு உட்கார்ந்துவிட்டீர்கள். யாரோ மறந்துவிட்டுப் போனது என்று நினைத்திருப்பீர்கள். நாமக்கல்லில் துணி போட்ட இடத்தில் இன்னொருவர் உட்காருவது வழக்கமில்லை. நீங்கள் வெளியூர் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது. பரவாயில்லை என்றுதான் சொல்லிவிட்டேனே. எனக்கு இந்தப் பக்கத்து இடம் போதும்.

"மலை ஏறினா எனக்கு வாமிட் வரும்ணா, அதான் முன் சீட்டு" என்று நடத்துநரிடம் சொன்னீர்கள், காதில் விழுந்தது. எனக்கும் அதே தொல்லைதான். அதற்காகத்தான் அந்த இடத்துக்குத் துணி போட்டேன். முன்னால் இருந்தால் சாலை தெரியும். வளைவு வருவதைக் கண் முதலில் பார்த்துவிட்டால் வயிறு அவ்வளவாகக் கலங்காது. இந்தப் பக்கத்து இடத்திலிருந்து எனக்குத் தெரிவது ஓட்டுநரின் முதுகும் மாலை போட்ட முருகன் படமும்தான்.

ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடுங்கள் அம்மா, அந்நியர் கொடுப்பதை வாங்கக் கூடாது என்று தயங்காதீர்கள். நானும் ஒன்று எடுத்துக்கொள்கிறேன் பாருங்கள். நெய்யை அளந்து நானே கிளறியது. இன்னும் ஒன்று. வெறும் வயிற்றோடு மலையேறக் கூடாது. செல்பேசியை மட்டும் பைக்குள் வைத்துவிடுங்கள். வளைவுகளில் குனிந்து எழுத்தைப் படித்தால் சட்டென்று குமட்டும். இதையெல்லாம் நான் கேள்விப்பட்டுச் சொல்லவில்லை. ஒரு வருடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டது.

பெயர் என்ன சொன்னீர்கள்? சுபிக்ஷா. நல்ல பெயர். என் பெயர் மரகதவல்லி. உளவியல் முதுகலை படித்தவள். நாமக்கல்லில் லாரி ஓட்டுநர்களுக்கான ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் வேலை. வண்டி ஓட்ட வருகிறவர்களின் கவனம், பொறுமை, கோபம் இவற்றைச் சோதித்துச் சொல்வது என் பொறுப்பு. இன்று செம்மேட்டில் பள்ளி ஆசிரியர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிறேன். தலைப்பை அவர்களே கொடுத்தார்கள். 'சினம் காத்தல்.' ஏன் சிரிக்கிறீர்கள்? புத்தகம் வாசிப்பதுபோலப் பேசுகிறேன் என்றா? என் கணவரும் அதைத்தான் சொல்வார். நிறுத்தி நிதானமாகப் பேசிப் பழகிவிட்டேன்.

மலையடிவாரம், காரவள்ளி வந்துவிட்டது. இங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை இருக்கும். நீங்கள் அதைப் பார்க்க வேண்டாம், நான் சொல்வதைக் கேளுங்கள். மனத்துக்கு வேலை கொடுத்தால் வயிறு சும்மா இருக்கும்.

எங்கள் நிலையத்துக்கு ஓர் இயந்திரம் வந்தது. ஒரு நாற்காலி, அதன் முன்னால் ஸ்டியரிங், தலையில் மாட்டிக்கொள்ள ஒரு பெரிய கண்ணாடி. மாட்டிக்கொண்டால் நீங்கள் லாரிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள். தலையைத் திருப்பினால் பக்கக் கண்ணாடி, எட்டிப் பார்த்தால் பள்ளம், எதிரே மலைச்சாலை. மெய்நிகர் பயிற்சிக் கருவி என்று அதற்குப் பெயர். ஓட்டுநர்கள் கண்கட்டு மெஷின் என்றார்கள். அதை வாங்கச் சொல்லி முதலாளியை இணங்க வைத்தவர் மேலாளர் சடையப்பன். பொறியியல் படித்தவர், முதலாளியின் மூத்த மருமகன். வாயைத் திறந்தால் மூட மாட்டார். நடக்கும்போது பேசுவார், சாப்பிடும்போது பேசுவார், மற்றவர் பேசும்போதும் பேசுவார்.

ஆயுத பூஜையன்று திறப்பு விழா. எங்கள் ஊரில் புது வண்டி எடுத்தால் நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நகர்த்துவார்கள். இந்த இயந்திரத்துக்குச் சக்கரம் இல்லையே என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. கடைசியில் நாற்காலிக் கால்களுக்கு அடியில் வைத்தார்கள். யாராவது உட்கார்ந்தால் நசுங்கும், சகுனம் சரியாகிவிடும் என்று ஏற்பாடு. முதலாளி சுற்றிலும் பார்த்தார்.

"படிச்சவங்க மொதல்ல உக்காரட்டும். மேடம், நீங்க வாங்க."

உட்கார்ந்தேன். பழங்கள் நசுங்கின. எல்லோரும் கைதட்டினார்கள். சடையப்பன் என் தலையில் கண்ணாடியை மாட்டிவிட்டு, "நீங்க சும்மா உக்காந்து பாருங்க மேடம், நான் ஓட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் பயிற்றுநர் மேசைக்குப் போனார். அங்கே இன்னொரு ஸ்டியரிங் இருக்கிறது. அதற்கு மாற்றிவிட்டால் நாற்காலியில் இருப்பவர் வெறும் பயணிதான். சாலை திரும்பியது. என் உடம்பு திரும்பவில்லை. மீண்டும் திரும்பியது. பள்ளம் என் மேல் சாய்ந்தது. "போதும்" என்றேன். நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றத் தெரியாமல் தடுமாறி எழுந்தேன். எதிரே பூஜைத் தட்டு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பொரி, கடலை, சுண்டல், சந்தனம் எல்லாவற்றின் மேலும் வாந்தி எடுத்தேன்.

லாரி உரிமையாளர் சங்கத்துக்காரர்கள், அவர்களுடைய மனைவிமார், பயிற்சிக்கு வந்த பையன்கள் எல்லோரும் பார்த்தார்கள். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏனுங் மேடம், எத்தனை மாசமுங்க? புளிப்பா ஏதாச்சும் வேணுங்களா?" ஐம்பதை நெருங்கும் ஒருத்தியைப் பார்த்து. குழந்தை இல்லாத ஒருத்தியைப் பார்த்து. கொட்டகையே சிரித்தது.

முதலாளிக்குக் கவலை இயந்திரத்தைப் பற்றி. "ஏம் மாப்ளே, மெஷின்ல கோளாறா?" என்று கேட்டார். அப்போது சடையப்பன் சொன்ன வாக்கியத்தை நான் எழுத்துக்கு எழுத்து ஒப்பிப்பேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங் மாமா. மனசு திடமா இருக்கறவங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாதுங்க."

மற்றவர்களின் மனத்தைச் சோதித்துச் சொல்வதற்கு என்று சம்பளம் வாங்குகிறவள் நான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு எந்த ஓட்டுநர் என் முன்னால் ஒழுங்காக உட்காருவார்? "உனக்குக் கோபம் அதிகம், ஒரு மாதம் கழித்து வா" என்று நான் சொன்னால், "உங்க மனசைப் பாத்துக்கங்க மேடம்" என்றார்கள், முகத்துக்கு நேராக. குளிர்சாதனம் வேண்டும் என்று இயந்திரத்தை என் அறையில் கொண்டுவந்து வைத்தார்கள். என் மேசை மாடிப்படிக்கு அடியில் தண்ணீர்க் குழாய் பக்கத்துக்குப் போயிற்று. கவனச் சோதனையை இனி இயந்திரமே செய்யும், மேடம் வருகைப் பதிவைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. அந்த வேலையையும் அந்தப் பேரையும் எவ்வளவு சிரமப்பட்டுச் சேர்த்தேன் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

அதோடு விட்டார்களா? மறுநாள் காலை என் மேசையில் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. அதற்கு மறுநாளும் ஒன்று. புளிப்பு வேண்டுமா என்று கேட்டார்கள் அல்லவா, அதன் தொடர்ச்சி. தினமும் ஒன்று, நன்றாகக் கழுவித் துடைத்து, மேசையின் நடுவில். யார் வைக்கிறார்கள் என்று கேட்கவில்லை. கேட்டால் வலிக்கிறது என்று தெரிந்துவிடும். எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன்.

வயிறு எப்படி இருக்கிறது? பார்த்தீர்களா, பதினைந்து வளைவு தாண்டிவிட்டோம், உங்களுக்குத் தெரியவேயில்லை. ஜன்னல் கதவை இறக்கிவிடட்டுமா? பனிக்காற்று காதில் ஏறினால் தலை வலிக்கும். சரி, இறக்கியாயிற்று.

நான் பழிவாங்குகிற சுபாவம் உடையவள் அல்ல. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வேண்டியது புரிதல். மனம் திடமானவருக்கு இது வராது என்பது சரியா, தவறா? ஒரு கூற்று முன்வைக்கப்பட்டால் அதைச் சோதிக்க வேண்டும். என் படிப்பு அதைத்தான் கற்றுக்கொடுத்தது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் போன பிறகு பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நாள் தவறாமல் உட்கார்ந்தேன். வாளி வேண்டியிருந்தது.

முதலில் தெரிந்தது இது. ஸ்டியரிங் என் கையில் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை. வளைப்பது நான் என்பதால் வளைவு வருவது உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. மற்றவர் ஓட்ட நான் சும்மா உட்கார்ந்தால் குமட்டல். சடையப்பன் விருந்தினர்களுக்குக் காட்டும்போதெல்லாம் தானே ஓட்டுவார், ஓட்டிக்கொண்டே விளக்குவார். அவர் மனத்திடத்தின் ரகசியம் இவ்வளவுதான்.

இரண்டாவதாகத் தெரிந்ததுதான் சுவையானது. பயணியாக உட்கார்ந்திருந்தாலும் மனத்துக்கு ஒரு வேலை இருந்தால் குமட்டல் தள்ளிப்போகிறது. வண்டி எண்களில் டி.என். 28 நாமக்கல், 30 சேலம், 33 ஈரோடு என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போனேன். பாதி மலை ஏறிவிட்டேன். பயிற்சிக்கு வந்த சிலரையும் உட்கார வைத்துப் பார்த்தேன். வாரணாசி வரை போகும் வழியில் சாப்பாட்டுக் கடைகளை வரிசையாகச் சொல் என்றால் கண்ணாடிக்குள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். வேலை எளிதாக இருக்க வேண்டும். கடினமாக இருந்தால் மனம் சலித்து விட்டுவிடும். முக்கியமானது அதன் பிறகுதான். பாதி வழியில் அந்த வேலையை நிறுத்தச் சொன்னால் என்ன ஆகிறது? அதுவரை வாசலில் காத்துக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே வருகிறது. முதலிலிருந்தே சும்மா இருந்தவர்களை விட இவர்கள்தான் மோசமாக வாந்தி எடுத்தார்கள். என் சோதனையில் அப்படித்தான் இருந்தது. எல்லோருக்கும் அப்படியா என்று நான் சொல்ல மாட்டேன். ஆராய்ச்சியில் மிகைப்படுத்தக் கூடாது.

இது முப்பத்திரண்டாவது வளைவு. ஓட்டுநர் கொஞ்சம் வேகம்தான். பரவாயில்லை.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. அதே கொட்டகை, அதே சங்கத்துக்காரர்கள். எங்களுக்குள் மனஸ்தாபம் எதுவும் இல்லை என்று காட்டுவதற்காக நான் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல் செய்து கொண்டுபோனேன். சடையப்பனுக்கு என் கையாலேயே பரிமாறினேன்.

"மேடம், நெய் ஒழுகுதுங்க" என்றார்.

"விரதம் இருந்து செய்தது சார். இன்னும் கொஞ்சம்."

இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர்போலத்தான் சாப்பிட்டார்.

நாற்காலிக் கால்களுக்கு அடியில் பழம் வைத்தாகிவிட்டது. முதலாளி சுற்றிலும் பார்த்தார். நான் எழுந்து கைகூப்பிச் சொன்னேன். "ஐயா, போன வருடம் நான் உட்கார்ந்து சகுனத்தைக் கெடுத்துவிட்டேன். இந்த வருடம் மேலாளர் உட்கார்ந்தால் சங்கத்தாருக்கு நம்பிக்கை வரும். அவர் மனத்திடம் உள்ளவர். அவர் பார்த்துக்கொண்டு வரட்டும், நான் மேசையிலிருந்து ஓட்டுகிறேன்."

"மேடம் லாரி ஓட்டறாங்களாமா!" என்று ஒருவர் விசிலடித்தார். முதலாளிக்குப் பிடித்துவிட்டது. மாமனார் முன்னால் மாட்டேன் என்று எந்த மருமகன் சொல்வான்?

நான் மெதுவாக ஓட்டினேன். வேகமாக வளைத்துப் புரட்டுவது முரட்டுத்தனம், எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். முதல் பாதி மலையில் அவரை நிம்மதியாக விட்டேன். அவர் வழக்கம்போல் சட்டையில் மைக்கைக் குத்திக்கொண்டு பேசினார். "இப்ப பாருங்க, லெஃப்ட்ல பள்ளம் தெரியுதுங்களா, எவ்வளவு தத்ரூபம்" என்று ஒரே உற்சாகம். அவர் முகத்தில் ஒரு துளி வியர்வை இல்லை. பேச்சு அவருக்குக் காவல். அது எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

பாதி மலை வந்ததும் மரியாதையாகச் சொன்னேன். "சார், மைக்கில் உங்கள் மூச்சு இரைகிறது, பின்னால் இருப்பவர்களுக்குப் புரியவில்லையாம். நீங்கள் அமைதியாகப் பாருங்கள். விளக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன்."

அமைதியானார். அந்த மனிதரை நான் அமைதியாகப் பார்த்தது அதுதான் முதல் முறை. மூன்று வளைவுகளுக்குள் காது மடல் வெளுத்தது. கை தன் முன்னால் இருந்த ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பத் தொடங்கியது. அது அவர் பேச்சைக் கேட்கவில்லை. கட்டுப்பாடு என் மேசையில் இருந்தது. "மேடம்" என்றார். நான் விருந்தினர்களுக்கு சரக்கின் எடையைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தேன். "மேடம், போதுங்க" என்றார். எனக்குக் கேட்டது. போன வருடம் நான் சொன்ன அதே சொல். அடுத்த வளைவையும் ஒழுங்காக, விதிப்படி, ஒலியெழுப்பித் திருப்பினேன்.

அவர் தட்டைத் தேடி எழவில்லை. வாழ்த்துவதற்கு மாமனார் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். பட்டு வேட்டி. பொங்கல் முழுவதும் அதில்தான்.

பிறகு முதலாளி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கேட்டார். "ஏம் மாப்ளே, மனசு திடம் பத்தலீங்களா?"

நான் சிரிக்கவில்லை. கொட்டகை சிரித்தது. நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்த மாதம் நிலையத்தை இளைய மருமகனிடம் கொடுத்தார்கள். சடையப்பனைச் சங்ககிரியில் குடும்பத்துக்குச் சொந்தமான டயர்ப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள். என் அறை எனக்குத் திரும்பி வந்தது. இயந்திரத்துக்கு யார் பொறுப்பு என்கிறீர்கள்? நான்தான். ஓட்டுநர்கள் இப்போது என் முன்னால் காலை மடக்கி உட்காருகிறார்கள்.

போவதற்கு முன் சடையப்பன் சாவியைக் கொடுக்க வந்தார். நின்றுகொண்டே பேசினார். முன்பு அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"மேடம், உங்களுக்கு அன்னைக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பத்தான் தெரியுதுங்க. மன்னிச்சுக்கங்க. மாமா மெஷினைத் திருப்பி அனுப்பிருவாரோன்னு பயத்துல வாயில வந்ததைச் சொல்லிட்டேன்."

"நீங்கள்தானே ஓட்டினீர்கள்?" என்றேன்.

"இல்லீங்க. சும்மா சொன்னேன். எனக்கே அன்னைக்கு அதை ஓட்டத் தெரியாது. தானா ஓடறதுல போட்டுட்டு நின்னுட்டிருந்தேன். நிறுத்தற பட்டன் எதுன்னு தேடிட்டு இருந்தேன்."

எவ்வளவு தயாராக ஒரு பொய்! ஒரு வருடம் கழித்து யார் சரிபார்க்க முடியும்?

கதவருகே போய்விட்டுத் திரும்பி வந்தார். "அந்த எலுமிச்சம்பழம் உங்களுக்கு உதவுச்சுங்களா? மோந்து பாத்தா குமட்டல் நிக்கும்னு வீட்ல சொன்னாங்க. அப்புறம் நீங்க மத்தியானம் வாளியோட உக்கார்றதையும் பாத்தேன். கேட்டா சங்கடப்படுவீங்கன்னு சொல்லாம வெச்சுட்டுப் போவேன். வீட்டு மரத்துப் பழம்."

கேட்டீர்களா? அவரே ஒப்புக்கொண்டார். நான் ஒரு வருடமாகச் சந்தேகப்பட்டது சரியாயிற்று. அவர் போன மறுநாளிலிருந்து மேசையில் பழம் இல்லை. வேறென்ன சான்று வேண்டும்?

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? "பாவம் ஆன்ட்டி அவரு" என்கிறீர்கள். பாவம்தான். அவருக்கு இப்போது பஸ்ஸில் ஏறினாலே தலை சுற்றுகிறதாம், பக்கத்தில் இருக்கும் கொங்கணாபுரம் போவதற்குக்கூட வண்டியை நிறுத்தி நிறுத்திப் போகிறார் என்று சொல்கிறார்கள். அதற்கு வேறு காரணம் இருக்கும். அவருக்கு வயதும் ஆகிறது. நான் அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன். மனத்தில் எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்றுதான் இன்றைய வகுப்பிலும் சொல்லப் போகிறேன். சின்ன விஷயங்கள் நடக்கும். ஒருவர் துணி போட்டு வைத்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துவிடுவார். "இது உங்களுதா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போகட்டும்.

பலகையில் முப்பத்தெட்டு என்று இருக்கிறது. பாதிக்குச் சற்று மேல் வந்திருக்கிறோம். இனிமேல்தான் வளைவுகள் நெருக்கமாக வரும். என் கதை முடிந்துவிட்டது, சுபிக்ஷா. தொண்டையும் வறண்டுவிட்டது. நான் இனிப் பேசப் போவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு டி.என். 28இலிருந்து ஊர்களைச் சொல்லிக்கொண்டு வருவேன். எனக்கு அது போதும்.

உங்கள் செல்பேசி அதிர்கிறது. அம்மாவா? எடுத்துப் படியுங்கள். நான் முன்பு சொன்னதையெல்லாம் பொருட்படுத்த வேண்டாம். நிதானமாக, குனிந்து, பதில் எழுதுங்கள்.

என்ன, ஜன்னலா? அந்தக் கதவு கொஞ்சம் இறுக்கம். நானே முழுப் பலத்தோடு இறக்கியதுதான். மேலே தூக்க நேரமாகும்.

கம்பியில் என் கைக்குட்டை இருக்கிறது, பாருங்கள். எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பித் தர வேண்டியதில்லை.